பக்கத்துத் தாழியிலிருந்து ஒரு கரண்டி

என் மகள் இளவேனிக்குத் தோல் உரிந்துகொண்டிருந்த நாட்களில், ஊரே வந்து எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனது.

"கொடுத்து வச்சவடி மருதாயி நீ. அண்ணனும் மேல, மகளும் மேல. இனி உனக்கென்ன குறைச்சல்?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. கையிலிருந்த கரண்டியால் அவள் வாயிலேயே ஒன்று போடலாமா என்று இருந்தது. போடவில்லை. "ஆமா ஆமா" என்று சிரித்துவைத்தேன். அப்படிச் சிரித்துவைத்ததற்காக இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல்தான்.

எங்கள் ஊருக்கு மூன்றுகூடம் என்று பெயர். ஒரே மலையைக் குடைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று கூடங்கள். மலைக்கு வெளியே காற்றே ஆளைக் கொன்றுவிடும். அதனால் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் உள்ளேதான். மேற்கூடத்தில் வெளிச்சம், மேற்படிப்பு, வைத்தியம், அதிகாரம். நடுக்கூடத்தில் பட்டறைகள். அடிக்கூடத்தில் நாங்கள். மூன்று கூடத்துக் கழிவும் எங்கள் தலையில்தான் வந்து விழும். எந்தக் கூடத்தில் பிறந்தோமோ அங்கேயே சாக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளக் காவல்காரன் யாரும் கிடையாது. கதவுகளே பார்த்துக்கொள்ளும்.

மனுசத் தோலில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. அதை நாங்கள் உறை என்போம். கூடத்துக்கு ஒரு உறை. பிள்ளை பிறந்த அன்றே அந்தக் கூடத்து உறையை உடம்பெல்லாம் பூசிவிடுவார்கள். ஒவ்வொரு கதவிலும் உள்ளங்கை வைக்க ஒரு செப்புத் தட்டு இருக்கும், அதன் அடியில் சின்ன இழுப்பறை. தினமும் காலையில் அந்த இழுப்பறையில் அந்தந்தக் கூடத்து உறையைப் புதிதாக ஒரு துளி வைக்க வேண்டும். ஒருவர் கை வைத்தால், கையில் இருப்பதையும் துளியில் இருப்பதையும் கதவு ஒத்துப்பார்க்கும். இரண்டும் ஒன்றென்றால் திறக்கும். இல்லையென்றால் தட்டு சுடும். சும்மா சூடு இல்லை, உள்ளங்கை வெந்துபோகும் சூடு. நான் சிறுமியாக இருந்தபோது, அப்படி வெந்த கைக்காரர் ஒருவரைப் பள்ளிக்குக் கூட்டிவந்து எங்களுக்குக் காட்டினார்கள். அந்தக் கையைப் பார்த்தபின் யாருக்கு ஆசை வரும்?

இந்த உறையை வளர்ப்பது யார் என்கிறீர்கள்? நாங்கள்தான். உறைச்சாலை அடிக்கூடத்தில்தான் இருக்கிறது. அங்கே ஆவியும் புளித்த வாடையுமாக இருக்கும், மேற்கூடத்தார் மூக்குக்கு ஒத்துவராது. மூன்று தாழிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பாலுக்கு உறை ஊற்றுகிற வேலைதான். நேற்றைய தாழியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துவைத்து, இன்றைய கஞ்சியில் ஊற்றிக் கலக்கி, பதமான சூட்டில் விட வேண்டும். தாழியின் வெளிப்பக்கம் முழங்கையை வைத்தால் பொறுக்கிற சூடு. அதற்கு மேல் போனால் செத்துவிடும். மேற்கூடத்துத் தாழியில் வளர்ந்ததைக் காலையில் கிண்ணம் கிண்ணமாக மேலே அனுப்புவோம். குளித்ததும் அதைக் கையில் பூசிக்கொள்ளாமல் அவர்களில் ஒருவரும் வீட்டு வாசலைத் தாண்டமாட்டார்கள். அவர்களுடைய புனிதத்தைக் கிண்டிக் கிண்டி வளர்க்க எங்கள் கை வேண்டும். அவர்களுடைய கதவைத் தொட மட்டும் எங்கள் கை ஆகாது. தோள்வரை உறைச்சாலைக் கையுறை போட்டுக்கொண்டு இருபத்தைந்து வருடமாக நான் செய்த வேலை இது.

ஆனால் மேலே போகவே வழியில்லை என்றும் சொல்ல முடியாது. அங்கேதான் அவர்களுடைய சாமர்த்தியம் இருக்கிறது. நாலு வருடத்துக்கு ஒரு முறை அடிக்கூடத்திலிருந்து ஒருவரை ஏற்றிக்கொள்வார்கள். ஏற்றம் என்று அதற்குப் பெயர். ஆயிரம் பிள்ளைகள் பரீட்சை எழுதி ஒரு பிள்ளை தேறும். மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரும், தனக்குப் புத்தி போதாது என்று தன்னையே நொந்துகொண்டு சாக்கடைக்குப் போவார்கள்.

தேறிய பிள்ளைக்கு நாற்பது நாள் கழுவல். பிறந்த உறை தோலோடு போய்விடாதாம், குடலிலும் வேர்வைக் குழியிலும் ஒளிந்திருக்குமாம். காரநீரில் நாளுக்கு மூன்று முறை முக்கி எடுப்பார்கள். குடலைக் காலிசெய்ய மருந்து. தோல் உரியும், முடி கொட்டும், நகம் கழன்று வரும். நாற்பதாம் நாள் புது உறை பூசி, புதுப் பெயர் வைத்து மேலே அழைத்துப்போவார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளை பெற்றவளைத் தொடக்கூடாது, அம்மா என்று கூப்பிடவும் கூடாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்க்கலாம். பெரிய மனசு பாருங்கள், பார்க்க மட்டும் அனுமதி.

என் அண்ணன் மாயாண்டி இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் ஏறினான். இப்போது அவர் பெயர் ஒளிநம்பி. கழுவல்மனைக்கு அவர்தான் தலைமை வைத்தியர். என்னை "உறைச்சாலைப் பெண்" என்பார். நான் அவரை "ஐயா" என்பேன்.

இளவேனி ஏன் ஏற ஆசைப்பட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் அப்பா குழாய் வெடித்துக் கால் கிழிந்து கிடந்தபோது, மேற்கூடத்து வைத்தியர் வந்து நாலு முழம் தள்ளி நின்று பார்த்தார். "காயத்தச் சுத்தமா வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறாம் நாள் மனுசன் போய்விட்டார். அன்றைக்குப் பத்து வயசுப் பிள்ளை சொன்னாள், "நான் வைத்தியம் படிக்கப்போறேன்மா. நான் தொட்டுப் பாப்பேன்." அடிக்கூடத்தில் இருந்தால் படிக்க முடியாது. படித்துவிட்டால் அடிக்கூடத்தைத் தொட முடியாது. இதைச் சொன்னால், "முதல்ல ஏறுறேன், அப்புறம் சட்டத்த மாத்துறேன்" என்பாள். அவள் அப்பாவைப் போலவே முரட்டுப் பிடிவாதம்.

"வேண்டாம்டி, அந்தக் கழுவல் ஆளத் தின்னுரும்" என்று எத்தனையோ தடவை சொன்னேன். ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன், நிறைமாதத்தோடு மதியமுறை வேலையில் தனியாக நின்றேன். மேற்கூடத்துத் தாழிக்கு நீராவிக் குழாயைத் திறந்துவிட்ட நேரத்தில் வலி கண்டது. அப்படியே கஞ்சிமாவு மூட்டைகளின் மேல் விழுந்தேன். என் சத்தம் கேட்டு எங்கள் தெரு மருத்துவச்சி ஓடிவந்தாள். இளவேனி பிறந்தாள். மருத்துவச்சி வெந்நீருக்குப் போன இடைவெளியில், பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு எழுந்து தாழியிடம் போனேன். குழாயைத் திறந்தவள் மூடவே இல்லை. முழங்கையை வைத்தவள் அலறி எடுத்தேன். கரண்டியில் அள்ளி மோந்து பார்த்தேன். புளித்த வாசனை போய் வெந்த மாவு வாசனை வந்தது. மேற்கூடத்து உறை மொத்தமும் செத்துப்போயிருந்தது.

முந்நூறு வருடத்து உறை. அதைக் கெடுத்தவர்களுக்குத் தண்டனை வெளிவாசல். குடும்பத்தோடு மலைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். பிறந்து அரை மணி நேரம்கூட ஆகாத பிள்ளை என் கையில் இருந்தது.

யோசிக்கவெல்லாம் இல்லை. செத்ததைக் கொட்டினேன். புதுக் கஞ்சி ஊற்றினேன். பக்கத்துத் தாழியிலிருந்து, அதாவது எங்கள் அடிக்கூடத்துத் தாழியிலிருந்து, ஒரு கரண்டி எடுத்து அதில் விட்டுக் கலக்கினேன். அவ்வளவுதான். மறுநாள் காலையில் நுரை கட்டிப் பொங்கி நின்றது. அதையே கிண்ணத்தில் மேலே அனுப்பினார்கள், அதையே கதவுகளுக்குத் துளியாக வைத்தார்கள். கையிலும் அதுதான், கதவிலும் அதுதான். எல்லாக் கதவும் எப்போதும்போலத் திறந்தன. ஒரு வாரம் மட்டும் மேற்கூடத்தில் எல்லோருக்கும் அரிப்பு. காற்று மாறியதால் என்று அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்து, அவர்களே ஒரு தைலமும் செய்து தடவிக்கொண்டார்கள்.

முதல் வருடம் பயந்து பயந்து செத்தேன். இரண்டாம் வருடம் சாலையில் தனியாக இருக்கும்போது சிரித்தேன். எங்கள் நிழல் பட்டாலே தலைமுழுகுகிறவர்கள் எங்களையே பூசிக்கொண்டு திரிகிறார்களே என்று வயிறு குலுங்கச் சிரித்தேன். மூன்றாம் வருடம் ஏற்றம் வந்தது. ஒரு பையனைக் கழுவினார்கள். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பையன் உடம்பில் இருந்ததும் எங்கள் உறை, கழுவி முடித்துப் பூசப்போவதும் எங்கள் உறை. எதற்காக அவன் தோலை உரித்தார்கள்? அவன் பிழைத்துக்கொண்டான். அடுத்த ஏற்றத்துப் பையன் பிழைக்கவில்லை. அதற்கடுத்து தங்கப்பொண்ணு. என்னோடு உறைச்சாலையில் வேலை செய்கிற சடைச்சியின் ஒரே தங்கச்சி. முப்பத்தோராம் நாள் செத்துப்போனாள். சடைச்சி என் தோளில் விழுந்துதான் அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெளிவாசல் பயம். என்னைவிடக் கேவலமானவள் ஒருத்தி உண்டா என்று நீங்கள் கேட்டால், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

அப்படி வாயை மூடிக்கொண்டிருந்தவளுடைய மகள்தான் இருபத்திரண்டு நாளாகக் காரநீரில் கிடந்தாள்.

அன்று விடியற்காலைத் தாழி வேலை முடிந்ததும் கையுறையைக்கூடக் கழற்றாமல் கழுவல்மனைக்குப் போனேன். அடிக்கூடத்துக்கும் மேற்படிக்கட்டுக்கும் நடுவே இருக்கிற நீண்ட நடை அது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதில் பேசுவதற்குச் சிறு துளைகள். கண்ணாடியை ஒட்டி உள்ளே போகும் கதவு, அதுவும் மேற்கூடத்து உறைக்குத்தான் திறக்கும். நடையின் கோடியில் மேற்கூடத்துக்கு ஏறும் படிக்கட்டுக் கதவு. கண்ணாடிக்குப் பின்னே ஒரு கட்டிலில் இளவேனி கிடந்தாள். அவளா என்று தெரியவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மொட்டைத் தலை. கையும் காலும் சிவந்து நீர் கோத்துப் பளபளத்தன. அண்ணன் குனிந்து அவள் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கைவரை வெள்ளைக் கையுறை.

"ஐயா, காய்ச்சல் இறங்குச்சா?"

"இல்ல. நாலு நாளா இருக்கு. எதிர்பார்த்ததுதான். பழைய உறை வெளியேறும்போது உடம்பு முரண்டு பண்ணும்."

"கண்ணையே திறக்கலையே."

"நேத்து தண்ணி குடிச்சாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கண்ணாடில மூச்சு படுது."

பெற்றவள் மூச்சு கண்ணாடியில்கூடப் படக்கூடாதாம். அந்த இடத்தில் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"அண்ணே" என்றேன்.

அவர் சட்டென்று நடையின் இரண்டு பக்கமும் பார்த்தார். "அப்படிக் கூப்பிடக் கூடாது."

"போதும்ணே. நிறுத்திரு. அவளத் தூக்கிட்டுப் போறேன். ஏற்றமும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்."

"ஆரம்பிச்ச கழுவல நடுவுல நிறுத்த முடியாது. பாதி உறையோட ஒரு ஆள் வெளியில நடமாடினா எல்லாருக்கும் ஆபத்து." பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "முதல்ல முன்னோருங்க மூணு கப்பல்ல வந்து இறங்கினாங்க. ஒரு கப்பல்காரங்க உடம்புல இருந்த நுண்ணுயிர் அடுத்த கப்பல்காரங்களக் கொத்துக்கொத்தாக் கொன்னுச்சு. அதுக்காகத்தான் தனித்தனிக் கூடம், தனித்தனிக் கதவு. இதுல வெறுப்பு எதுவும் இல்ல. சுகாதாரம்."

"கொன்னுச்சுல்ல? இப்பவும் கொல்லுமா?"

"சந்தேகம் என்ன? எங்க உறையும் உங்க உறையும் ஒரே உடம்புல சேர்ந்தா..."

"சேர்ந்து பத்தொம்பது வருசமாச்சு" என்றேன்.

அப்புறம் நிறுத்தவில்லை. வலி, குழாய், வெந்த மாவு வாசனை, பக்கத்துத் தாழி, ஒரு கரண்டி, ஒரு வாரத்து அரிப்பு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"பொய்" என்றார் கடைசியில். "மகளக் காப்பாத்தப் பொய் சொல்ற."

"அந்த வருசம் உனக்கு அரிக்கலையா? தைலம் தடவிக்கிட்டயே."

அவர் கட்டிலை விட்டு நிமிர்ந்தார். வலது கையுறையைக் கழற்றித் தன் உள்ளங்கையைப் பார்த்தார். நாற்பது நாளில் வெந்து ஆறிய கை, ரேகையே இல்லாமல் வழுவழுவென்று இருந்தது.

"அப்போ இதுல இருக்கிறது..."

"நம்ம தெரு உறைதான்ணே. நம்ம ஆத்தா கையில இருந்ததுதான்."

"ஆத்தா போயி பதினோரு வருசம்." அவர் குரல் இறங்கிவிட்டது. "இதே கண்ணாடிக்குப் பின்னாலதான் நின்னேன். நீங்க எல்லாரும் அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போனீங்க. தொட்டா ஊருக்கே நோவு வரும்னு கையக் கட்டிக்கிட்டு நின்னேன். அப்பவே..."

"அப்பவே எட்டு வருசம் ஆகியிருந்துச்சு. நீ தொட்டிருக்கலாம். நான்தான் சொல்லல. என்னைத் திட்டு, காறித் துப்பு, என்ன வேணாலும் பண்ணு. இப்ப அவள விடு."

ஒரு நிமிடம் அவர் மாயாண்டியாக இருந்தார். விட்டுவிடுவார் என்றே நினைத்தேன். பிறகு கையுறையை விரல் விரலாக இழுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இன்னும் பதினெட்டு நாள்தான்" என்றார். "தாங்குவா. நான் தாங்கினேன்."

"எதுக்குத் தாங்கணும்? அதான் சொல்றேனே, ஒண்ணுமே இல்லன்னு!"

"ஒண்ணுமே இல்லன்னா நான் எதுக்கு இவ்வளவு பட்டேன்?" கத்தினார். என் வாழ்நாளில் அவர் கத்தி அன்றைக்குத்தான் கேட்டேன். "பேர விட்டேன், ஆத்தாள விட்டேன், உன்ன விட்டேன். இந்தக் கையால ஏழு பிள்ளைங்களக் கழுவியிருக்கேன். ரெண்டு பேரப் பொட்டலமாக் கட்டிக் கீழ அனுப்பியிருக்கேன். எல்லாம் சும்மாவா? நீ சொன்னத நான் கேக்கல. நீ எதுவும் சொல்லல. போ."

பாவம் என்று தோன்றவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தான் பட்ட அடிக்கு அர்த்தம் வேண்டும் என்பதற்காக அடுத்த பிள்ளையை அடிக்கிற ஜென்மம். இப்படி ஒருவனை நாலு வருடத்துக்கு ஒரு முறை தயார்செய்து வைத்துக்கொண்டால், மேற்கூடத்துக்கு வேறு காவலே வேண்டாம்.

"அதோட, நீ சொல்றது நிஜமா இருந்தா," என்றார் மூச்சை அடக்கிக்கொண்டு, "பத்தொம்பது வருசமா எங்க கதவு உங்களுக்கும் திறந்திருக்கணுமே? ஒருத்தருக்காவது திறந்துச்சா?"

"யாராவது கை வச்சாங்களா?"

கேட்டது நான்தான். கேட்டபிறகுதான் எனக்கே அது உறைத்தது.

பத்தொன்பது வருடம். கலக்கியவள் நான். இந்தக் கழுவல்மனைக் கதவின் இழுப்பறையில் மட்டும் எத்தனை ஆயிரம் காலைகள் துளி வைத்திருப்பேன்! என் விரலுக்கும் அந்தச் செப்புத் தட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இருந்ததில்லை. இருபத்திரண்டு நாளாக அதே கதவுக்கு வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். தொட்டுப் பார்ப்போம் என்று எனக்கே தோன்றவில்லை. எனக்கே! வெந்த கையை ஒரு தடவை காட்டிப் பயமுறுத்தியதோடு அவர்கள் வேலை முடிந்துவிட்டது. மிச்சத்தை நாங்களே பார்த்துக்கொண்டோம்.

கையுறையை உருவித் தரையில் எறிந்தேன்.

"மருதாயி, வேணாம்! தாழில இத்தன வருசத்துல மாறிப்போயிருக்கும். கை வெந்துரும்!" அண்ணன் கண்ணாடியில் அடித்தார். பெயர் ஞாபகம் இருக்கிறது, பாருங்கள்.

  கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளங்கையைத் தட்டில் வைத்தேன். செம்பு சில்லென்று இருந்தது. உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டது. கதவு ஒதுங்கிவிட்டது.

நான் உள்ளே போனதும் கதவு பின்னால் தானே மூடிக்கொண்டது. அபாய மணியின் கயிறு அண்ணனின் தலைக்கு மேலேயே தொங்கியது. அதை அவர் பிடித்தார். பிடித்தபடியே நின்றார், இழுக்கவில்லை. நான் கட்டிலருகே போய் உட்கார்ந்து இளவேனியின் கன்னத்தைத் தொட்டேன். நெருப்பாகக் கொதித்தது. அவள் கண்ணைத் திறந்து, முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு தன்மேல் இருந்த என் கையைப் பார்த்தாள்.

"அம்மா, தொட்டுட்டியே. எல்லாம் போச்சே."

"ஒண்ணும் போகல கண்ணு. எந்திரி. வீட்டுக்குப் போவோம்."

அவளுக்குச் சொல்ல வேண்டியதை இரண்டே வரியில் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். இருபத்திரண்டு நாள் அவளை எரித்த அத்தனை காரமும் அவள் கண்ணில் வந்து நின்றது. "இத எங்கிட்ட முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?" என்றாள். "ஆமா" என்றேன். அவளைத் தோளோடு அணைத்துத் தூக்கினேன். எடையே இல்லை.

வெளியே போகவும் கதவில் கை வைக்க வேண்டும். நான் கையை நீட்டினேன். அவள் தடுத்தாள்.

"நான் வைக்கிறேன்."

"உன் கையில எதுவுமே இல்லடி. எல்லாத்தையும் கழுவித் தொலைச்சுட்டாங்க. சுட்டுரும்."

மேற்கூடம், அடிக்கூடம் இரண்டிலும் சேர்த்து அந்தக் கதவு திறக்காத ஒரே ஆள் அப்போது அவள்தான், மேலே ஏறப்போவதாக ஊரே வாழ்த்திய என் மகள். அவள் என்னைப் பார்த்துக் கையை விரித்தாள். என் கழுத்திலும் நெற்றியிலும் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அதை வழித்து அந்த ரத்தச்சிவப்பு உள்ளங்கையில் தேய்த்தேன். எரிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தட்டில் கையை வைத்தாள்.

கதவு திறந்தது.

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கயிற்றை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையுறையும் கழன்று மடியில் கிடந்தன. "வர்றியா?" என்று கேட்டேன். அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது முறை கேட்கவில்லை.

நடையில் சடைச்சி நின்றிருந்தாள். காலைத் துளிகளை வைக்க வந்தவள், துளிப்பெட்டி கையிலேயே இருந்தது. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கண்ணாடித் துளைகள் வழியாக நாங்கள் பேசியது எவ்வளவு கேட்டது என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"யக்கா" என்றாள். "எட்டு வருசத்துக்கு முன்னாடி, தங்கப்பொண்ணு உள்ள கிடந்தப்பவும் இது திறந்திருக்குமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய். பத்தொன்பது வருடம் சொன்னவளுக்கு அது பெரிய காரியமா?

"திறந்திருக்கும்டி" என்றேன்.

பெட்டியைப் பதமாகத் தரையில் வைத்தாள். நிமிர்ந்து என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். காது கொய்யென்றது. இளவேனியை விட்டுவிடாமல் சுவரில் சாய்ந்து நின்றேன். இன்னொன்று விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. சடைச்சி கையுறைகளைக் கழற்றிக்கொண்டே நடையின் கோடிக்கு நடந்தாள். மேற்கூடத்துப் படிக்கட்டுக் கதவில் உள்ளங்கையை வைத்தாள். அது ஒதுங்கியதும் மேலிருந்து வெளிச்சம் நடையெல்லாம் விழுந்தது. அவள் உள்ளே போகவில்லை. கதவு மூடிக்கொள்ளாதபடி முதுகை அதில் முட்டுக்கொடுத்து நின்றாள்.

"புள்ளைய வீட்டுல படுக்கவச்சுட்டு ஊருக்குள்ள போ" என்றாள் என் முகத்தைப் பார்க்காமலே. "ஒரு வீடு விடாமச் சொல்லி எல்லாரையும் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் நான் கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."